பரிசோதனையில் எல்லாம் சரி. தலைசுற்று ஏன் நிற்கவில்லை?

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் ஒரு பெண் தலைசுற்றுகிறது என்றால், "பிரஷராக இருக்கும்", "உடம்பில் இரத்தம் இல்லை" என்பார்கள். தோட்டப் பெண்களிடையே இரத்தச்சோகை பரவலாக இருப்பதால், முதலில் இவற்றைப் பார்ப்பது அவசியம்தான். இரண்டும் சரியாக இருந்தும் சுற்று மீண்டும் மீண்டும் வந்தால், ஒற்றைத் தலைவலியையும் சந்தேகிக்க வேண்டும். அது சமநிலையைக் காக்கும் நரம்பு வழிகளையும் குழப்பும். தலைவலியே இல்லாத நாளிலும் சுற்று வரலாம். ஆனால் காது நோய் இல்லை என்பதையும் உறுதிசெய்ய வேண்டும்.

காதில் என்ன பார்க்கிறார்கள்?

உட்காதில் உள்ள மூன்று அரைவட்டக் குழாய்களும் இரண்டு சிறு பைகளும் தலையின் அசைவை மூளைக்கு அறிவிக்கின்றன. இவற்றைச் சோதிக்கும் ஒரு முறைக்கு இயந்திரமே தேவையில்லை. வைத்தியர் தன் மூக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு, நோயாளியின் தலையைச் சட்டென்று சிறிது திருப்புவார். உட்காது நலமாக இருந்தால் பார்வை மூக்கை விட்டு விலகாது. பழுதிருந்தால் கண் தலையோடு போய், பிறகு வெட்டித் திரும்பும்.

இன்னொரு சோதனை, 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்ற ரொபர்ட் பாராணியின் ஆய்விலிருந்து வளர்ந்தது. 30 பாகை, 44 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீரை ஒவ்வொரு காதிலும் விட்டு, கண்ணின் ஆட்டத்தை அளப்பார்கள். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இதில் குமட்டல் கூடுதலாக வரலாம்.

முடிவு சரியென்றால்?

சுற்று இல்லாத நாளில் பலருக்கு முடிவு சரியாகவே வரும். அதனால் நோய் பொய்யாகிவிடாது. வேறு காது நோய்களை விலக்கவே சோதனை முக்கியமாக உதவுகிறது. நோயைக் காட்டுவது நோயாளி சொல்லும் விபரம்தான். ஒற்றைத் தலைவலியால் வரும் சுற்றுக்கு 2012இல் வெளியான சர்வதேச வரையறையின்படி, 5 நிமிடம் முதல் 72 மணிநேரம் வரை நீடிக்கும் சுற்று குறைந்தது 5 தடவை வந்திருக்க வேண்டும். ஒற்றைத் தலைவலி இப்போதோ முன்போ இருந்திருக்க வேண்டும். பாதித் தடவைகளிலாவது அத்தகைய தலைவலி, வெளிச்சமும் சத்தமும் தாங்காமை, கண்முன் மின்னல் கோடுகள் ஆகியவற்றில் ஒன்றேனும் சேர்ந்திருக்க வேண்டும்.

எனவே சுற்று வந்த நாள், நீடித்த நேரம், கூட வந்த தொல்லைகள், மாதவிடாய், தூக்கம், சாப்பாடு ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி, வைத்தியரிடம் காட்டுங்கள். வெறும் வயிற்றோடு பிரட்டுக்கு ஓடுவதைத் தவிருங்கள். பட்டினியும் தூக்கக் குறைவும் இந்த நோயைத் தூண்டும். அடிக்கடி வந்தால் தடுக்கும் மருந்துகளும் உண்டு.

திடீர்ச் சுற்றோடு பேச்சுக் குழறினால், கைகால் தளர்ந்தால், பொருள் இரண்டாகத் தெரிந்தால், நிற்கவே முடியாவிட்டால் தாமதிக்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

சரிவில் நின்று கொழுந்து பறிப்பவருக்குத் தலைசுற்று விழுந்து அடிபடும் ஆபத்து. அதை வேலைக்குக் கள்ளம் என்று யாரும் ஒதுக்கக் கூடாது.