ஷூவுக்கு அடியில் ஒரு பூட்டு... தெரியுமா?

பந்தய சைக்கிள் வீரர்கள் சீட்டை விட்டு எழுந்து, சைக்கிளையே இடமும் வலமுமாக ஆட்டி மிதிக்கும்போதுகூடக் கால் வழுக்குவதில்லையே, எப்படி? பாதத்தைப் பெடலோடு பூட்டிவிடுகிறார்கள்! ஷூவின் அடியில் திருகப்பட்டிருக்கும் சின்னத் துண்டுதான் கிளீட். முன்பாதத்தை அழுத்தினால் 'டக்'கென்று மாட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் மறுநொடி கழன்றுவிடும்.

இன்றைய இந்தப் பூட்டு பிறந்தது சாலையில் அல்ல, பனிமலையில்! பனிச்சறுக்கில் விழுகிறவரின் கால் முறியாதபடி பலகையிலிருந்து தானே விடுபடும் பூட்டுகளைச் செய்துவந்தது, பிரான்ஸின் நெவேர் நகரத்து லுக் நிறுவனம். அதே நுட்பத்தை 1984-ல் பெடலில் வைத்தார்கள். மறு ஆண்டே சைக்கிள் வீரர் பெர்னார் இனோ அந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் இறங்கினார். வழியில் கீழே விழுந்து மூக்கு உடைந்தது. அப்படியும் ஐந்தாவது முறையாகப் பட்டம் வென்றார்! அதுவரை பாதத்தைத் தோல்வாரால் இறுக்கிக் கட்டி ஓட்டியவர்கள் ஒவ்வொருவராக வாரைக் கழற்றத் தொடங்கினார்கள்.

வார்க் காலத்திலும் கிளீட் இருந்தது. ஆனால் அதைத் தோல் அடிப்பாகத்தில் ஆணியடித்துப் பொருத்த வேண்டும்! எந்த இடத்தில் அடிப்பது? புது ஷூவைக் கிளீட் இல்லாமலே அணிந்து கொஞ்சம் ஓட்டுவார்கள். பெடலின் இரும்பு விளிம்பு தோலில் தடம் பதிக்கும். அந்தத் தடம் காட்டும் இடத்தில் ஆணி இறங்கும். எவ்வளவு அழகான அளவுகோல்! இத்தாலியின் சினெல்லி நிறுவனம் 1970-களின் தொடக்கத்தில் வாரே இல்லாத பெடல் ஒன்றைக் கொண்டுவந்தது. அதிலிருந்து காலை எடுக்கக் குனிந்து கையால் நெம்புகோலைத் தள்ள வேண்டும்! இன்னும் பின்னே போனால், அமெரிக்காவின் ரோட் ஐலண்டைச் சேர்ந்த சார்லஸ் ஹான்சன் 1895-லேயே திருப்பிப் பூட்டும் பெடலுக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்.

சரி, இன்று கடைக்குப் போகிறவர் எதைப் பார்க்க வேண்டும்? இங்கேதான் பலரின் பணம் வீணாகிறது. பொருத்தம் ஒன்றல்ல, இரண்டு! ஷூவின் துளையும் கிளீட்டும் சேர வேண்டும். அதே கிளீட்டும் பெடலும் சேர வேண்டும். சாலை ஷூவில் முக்கோணமாக மூன்று துளைகள் இருக்கும். லுக் கிளீட்டும் ஷிமானோ நிறுவனத்தின் எஸ்பிடி-எஸ்எல் கிளீட்டும் அதில் அட்டகாசமாக உட்காரும். பார்வைக்கு இரண்டும் ஒரே ஜாடை. ஆனால் ஒன்றின் கிளீட் மற்றதன் பெடலில் மாட்டவே மாட்டாது! லுக்குக்குள்ளேயே பழைய டெல்டாவும் புதிய கியோவும் ஒன்றோடொன்று சேராது. வீட்டுக்குள் ஓட்டும் பெலோட்டான் சைக்கிளில் வருவது அந்தப் பழைய டெல்டா வகைதான். ஆகவே முதலில் பெடலை முடிவு செய்யுங்கள். கிளீட்டும் ஷூவும் அதன் பின்னால் வரட்டும்.

நிறத்தைப் பார்த்து வாங்குகிறவர்களே, இதைக் கேளுங்கள்! பூட்டிய பிறகும் பாதம் இப்படியும் அப்படியும் சற்றே திரும்ப இடம் வேண்டும். அதற்கு ஃப்ளோட் என்று பெயர். ஷிமானோவில் சிவப்பு கிளீட் என்றால் அசைவு 0 டிகிரி, நீலம் 2, மஞ்சள் 6. லுக் கியோவிலோ கறுப்புதான் 0, சாம்பல் 4.5, சிவப்பு 9! ஒரே சிவப்பு, ஓரிடத்தில் பாதத்தைக் கட்டிப்போடுகிறது, இன்னோர் இடத்தில் தாராளமாக விடுகிறது. எல்லோருடைய பாதமும் நேராக நிற்பதில்லை. அசைய இடமில்லாவிட்டால் முழங்கால்தான் வலியைச் சுமக்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் ஃப்ளோட் உள்ளதையே எடுங்கள்.

நடக்கவும் வேண்டுமா? அப்படியானால் 1990-ல் ஷிமானோ மலைச் சைக்கிளுக்காகக் கொண்டுவந்த இரண்டு துளை எஸ்பிடி இருக்கிறது. சிறிய எஃகு கிளீட், அடிப்பாகத்தின் பள்ளத்துக்குள் ஒளிந்துகொள்ளும். டீக்கடையில் இறங்கி நடந்தாலும் சறுக்காது. அலுவலகம் போய்வருபவர்களுக்கு மூன்று துளையைவிட இதுவே மேல் என்பேன். இதிலும் எஸ்எச்56 என்ற வகை பல திசைகளில் திருப்பினாலும் கழன்றுகொள்ளும். முதல் சிக்னலில் காலை ஊன்றத் தடுமாறுகிறவர்களுக்கு அது பெரிய துணை. ஸ்பீட்பிளே என்ற பெடல் வகையில் எல்லாமே தலைகீழ்: வில்லும் பூட்டும் கிளீட்டில், பெடலோ சின்ன வட்டம்! அதற்கு நான்கு துளைகள். கிராங்க்பிரதர்ஸ் நிறுவனம் கிளீட்டைப் பித்தளையில் செய்கிறது. தேய்வது கிளீட்டாக இருக்கட்டும், பெடல் பிழைக்கட்டும் என்ற கணக்கு அது!

அளவிலும் ஒரு அதிசயம். ஐரோப்பிய எண் ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. 42 என்றால் 28 சென்டிமீட்டர். ஆனால் அது ஷூ அச்சின் நீளம், உங்கள் பாதத்தின் நீளம் அல்ல! கால் லேசாக வீங்கியிருக்கும் மாலையில், ஓட்டும்போது அணியும் சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். குதிகால் மேலே எழக்கூடாது, விரல்கள் முட்டக்கூடாது. அகலம் போதாமல் நரம்பு அழுந்தினால் பாதம் மரத்துப்போகும். விலை உயர்ந்த கார்பன் சோல் அதைக் காப்பாற்றாது. சோலின் விறைப்புக்கு நிறுவனங்கள் போடும் எண்களும் அவரவர் கணக்கு. ஒருவரின் 10-ஐ இன்னொருவரின் 12-ஓடு ஒப்பிடாதீர்கள்.

பெடல் மாற்றும்போது இன்னொரு வியப்பு காத்திருக்கிறது: இடது பெடலின் மரை எதிர்த்திசையில் ஓடும்! மிதிக்க மிதிக்கக் கழன்று போகாமலிருக்க 1900-ல் இந்த ஏற்பாட்டைத் தங்கள் சைக்கிள்களில் செய்தவர்கள், பிற்பாடு விமானம் பறக்கவிட்ட ரைட் சகோதரர்கள்.

கிளீட்டை எங்கே வைப்பது? பெருவிரல் எலும்பு மூட்டு, பெடலின் அச்சுக்கு மேலே அல்லது ஒரு சிறு அளவு முன்னே வரட்டும். கெண்டைக்கால் சீக்கிரம் சோர்ந்தால் கிளீட்டைக் குதிகால் பக்கம் சில மில்லிமீட்டர் நகர்த்திப் பாருங்கள். கிளீட் திருகின் மரையில் கிரீஸ் தடவி முடுக்குங்கள். பெடலின் வில்லை முதலில் மிகத் தளர்வாக வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு மாட்டவும் கழற்றவும் பழகுங்கள். பிளாஸ்டிக் கிளீட் நடந்தே தேய்ந்துவிடும். அதை மாற்றும் நாளில், பழையதைக் கழற்றும் முன் அதன் ஓரத்தைப் பேனாவால் சோலில் கோடிட்டுவிடுங்கள். புதியது அதே இடத்தில் உட்காரும்.