ஆராய்ச்சி வாசலில் நம் பிள்ளைகள்

நம் சங்கத்துப் பொங்கல் விழாவானாலும் சரி, இசை விழாவின் இடைவேளையானாலும் சரி, காபி டம்ளரும் கையுமாக யாராவது ஓர் அன்பர் என்னை ஓரமாக அழைப்பார். "சார், பொண்ணு எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி முடிக்கப் போறா. பி.எச்டி. பண்ணணும்கிறா. எங்கே அப்ளை பண்றது, எப்படிப் பண்றதுன்னு ஒண்ணும் புரியல" என்பார். நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற சமாசாரமா அது? மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டதும், இதையே எழுதிவிடலாம் என்று தோன்றியது. இத்தலைநகரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நெடுங்காலம் பணியாற்றி, ஆய்வு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுக்களில் பலமுறை உட்கார்ந்தவன் என்பதே இதை எழுத எனக்குள்ள தகுதி.

எது உயிர்மருத்துவ ஆய்வு?

டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர்தான் என்று நினைக்கும் பெரியவர்களுக்காக ஓர் உதாரணம். 1956-இல் சென்னையில் காசநோய் மருந்து சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. அப்போதெல்லாம் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் கிடக்க வேண்டும். நாட்டில் இருந்த நோயாளிகளுக்குப் படுக்கை போதாது. நோயாளியை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் என்ன என்று கேட்டார்கள். நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மற்றொரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். ஏழ்மையும் நெருக்கடியும் மிகுந்த வீடுகளிலும், சானடோரியத்துக்கு ஏறக்குறைய ஈடாகக் குணம் தெரிந்தது. வீட்டிலிருந்த மற்றவர்களுக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959-இல் வெளியான அந்த முடிவு உலகம் முழுவதும் காசநோய் சிகிச்சையின் போக்கையே மாற்றியது. ஒரு நல்ல கேள்வி, அதற்கு நேர்மையான ஒப்பீடு: ஆய்வு என்பது அவ்வளவுதான். அந்தக் கேள்வி செல்லுக்குள் இருக்கும் ஒரு புரதத்தைப் பற்றியதாகவும் இருக்கலாம்.

எத்தனை வாசல்கள்?

பலர் நினைப்பதுபோல நெட் தேர்வு ஒன்றுதான் வழி என்பதில்லை. ஆனால் பெரிய வாசல் அதுதான். சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் உயிர் அறிவியல் தாள் 200 மதிப்பெண்ணுக்கு. மூன்று மணி நேரத்தில் 145 கேள்விகளிலிருந்து 75-க்கு விடையளித்தால் போதும். பொது அறிவுத் திறனுக்கு 30, பாடத்துக்கு 70, ஆழ்ந்து யோசிக்க வேண்டிய மூன்றாம் பகுதிக்கு 100 என்று மதிப்பெண் பிரியும். தப்பான விடைக்குக் கால் பங்கு கழித்துக்கொள்வார்கள். அந்த 100 மதிப்பெண் பகுதியில்தான் மனப்பாடக்காரர்கள் சறுக்குகிறார்கள். 2024 முதல் உதவித்தொகைக்குரிய இடம் கிடைக்காதவர்களும் அந்த மதிப்பெண்ணைக் கொண்டு பி.எச்டி. சேர்க்கை கோரலாம் என்று ஆகியிருக்கிறது.

உயிர்த்தொழில்நுட்பத் துறை உதவித்தொகைக்கு பெட் தேர்வு தனியாக உண்டு. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் அதன் பெங்களூர் உயிரியல் மையமும் மாணவர்களைச் சேர்க்க ஜே.ஜி.ஈ.ஈ.பி.ஐ.எல்.எஸ். என்ற கூட்டுத் தேர்வு இருக்கிறது. வேறு பல நிறுவனங்களும் அதை ஏற்கின்றன. ஐ.ஐ.டி.கள் பலவற்றில் கேட் மதிப்பெண் செல்லும். பல்கலைக்கழகத்தில் முதுநிலையில் முதலிடம் பெற்றவர்களுக்கு இன்ஸ்பயர் உதவித்தொகை இருக்கிறது. எய்ம்ஸ் போன்றவை தாமாகவே தேர்வு நடத்துகின்றன. 2024 ஜூனில் நடக்க வேண்டிய சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு கடைசி நேரத்தில் தள்ளிப்போய் ஜூலை இறுதியில்தான் நடந்தது. அந்த ஒன்றையே நம்பியிருந்த பிள்ளைகள் பட்ட பாட்டைப் பார்த்தேன். குறைந்தது இரண்டு மூன்று வாசல்களையாவது தட்டி வையுங்கள்.

இயற்பியல், வேதியியல் படித்தவர்களும் தயங்க வேண்டாம். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் பி.எச்டி. வாங்கிய பிறகு, மறுபடி மாணவராக உட்கார்ந்து உயிரியல் படித்தவர். ரைபோசோம் ஆய்வுக்காக 2009-இல் நோபல் பரிசு பெற்றார்.

சோறு போடுமா?

பெற்றோர் கேட்கத் தயங்கும் கேள்வி இது. 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் ரூ. 37,000, அதற்குப் பிறகு ரூ. 42,000 என்று உயர்த்தப்பட்டது. விடுதி கிடைக்காதவர்களுக்கு வீட்டு வாடகைப் படி தனி. ஆனால் இது சம்பளம் மாதிரி ஒன்றாம் தேதி வந்து விழாது. சில சமயம் மூன்று நான்கு மாதம் சேர்ந்தாற்போல் வரும். முதல் வருஷம் கைச்செலவுக்குக் கொஞ்சம் ஒதுக்கி வைப்பது நல்லது.

பட்டம் தருவது யார் என்பதையும் விசாரியுங்கள். வேலை செய்வது ஓரிடம், பட்டம் தருவது இன்னோரிடமாக இருக்கும். ஹைதராபாத் சி.சி.எம்.பி. போன்ற சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்களில் ஏ.சி.எஸ்.ஐ.ஆர். என்ற அமைப்பு பட்டம் தருகிறது. மும்பை டாடா நினைவு மையத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வகத்தில் ஹோமி பாபா தேசிய நிறுவனம் தருகிறது. எல்லாம் முறையான பட்டங்களே. ஆனால் பதிவு, பாடத்திட்டம், காலக்கெடு ஆகியவை இடத்துக்கு இடம் மாறும். யு.ஜி.சி.யின் 2022 விதிகளின்படி குறைந்தது மூன்று ஆண்டுகள், சாதாரணமாக அதிகபட்சம் ஆறு. உயிரியலில் மூன்றாண்டில் முடித்தவரை நான் பார்த்ததில்லை. ஐந்து, ஆறு என்றே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தில் என்ன எழுதுவது?

"சிறு வயது முதலே எனக்கு அறிவியலில் ஆர்வம்" என்று தொடங்கும் விண்ணப்பங்களை நூற்றுக்கணக்கில் படித்துச் சலித்துவிட்டேன். அந்த ஒரு பக்கத்தில் நாங்கள் தேடுவது வேறு. எம்.எஸ்சி. ப்ராஜெக்டில் நீ கேட்ட கேள்வி என்ன? என்ன செய்தாய்? எது சரியாக வரவில்லை? ஏன் வரவில்லை என்று நினைக்கிறாய்? தோற்றுப்போன சோதனையை நாணயமாக எழுதுகிற மாணவரைக் கட்டாயம் கூப்பிடுவோம். பரிந்துரைக் கடிதத்துக்கும் இதே கதைதான். உன்னை அறியாத துணைவேந்தரின் நாலு வரியைவிட, லேபில் தினமும் உன்னைப் பார்த்த விரிவுரையாளரின் ஒரு பக்கம் எவ்வளவோ மேல்.

நேர்முகத் தேர்வு: ஒரு வாக்குமூலம்

பல ஆண்டுகளுக்கு முன்பு, நான் குழுவில் இருந்த ஒரு நேர்முகத் தேர்வு. தென்மாவட்டத்து அரசுக் கல்லூரியில் படித்த ஒரு பையன் வந்தான். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். மேலே சொன்ன காசநோய் ஆய்வையே வைத்துக் கேட்டேன்: "வீட்டில் மருந்து சாப்பிட்டவர்கள் குணமானார்கள் என்று மட்டும் தெரிந்தால், சானடோரியம் தேவையில்லை என்று சொல்லிவிடலாமா?" இங்கிலீஷில்தான் கேட்டேன். பையன் விழித்தான். ஏதோ ஆரம்பித்து, வார்த்தை வராமல் நிறுத்திவிட்டான். தமிழில் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். "ஊர்க்காரனுக்குச் சலுகை காட்டுகிறார்" என்று மற்றவர்கள் நினைப்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டேன். குழு அவனை நிராகரித்தது. நானும் கையெழுத்துப் போட்டேன்.

மாலையில் வாசலில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தான். பேச்சுக் கொடுத்தேன். "சார், அந்தக் கேள்விக்கு ரூமை விட்டு வெளியே வந்ததுமே பதில் தெரிஞ்சிடுச்சு. சானடோரியத்துல இருந்தவங்களோட ஒப்பிட்டுப் பார்க்காம எப்படி சார் சொல்ல முடியும்? அதுவும் யாரை எங்கே வைக்கிறதுன்னு நாமளா முடிவு பண்ணக் கூடாது. பண்ணினா நோய் கம்மியா இருக்கிறவங்களையே வீட்டுக்கு அனுப்பிடுவோம். சீட்டுக் குலுக்கிப் போடற மாதிரி பிரிக்கணும்" என்றான். அன்று வந்தவர்களில் ஒருவர்கூட அவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. பட்டியல் அதற்குள் போய்விட்டது. அடுத்த வருஷம் வேறோரிடத்தில் அவனுக்குக் கிடைத்தது என்று பின்னால் கேள்விப்பட்டேன். அவனுடைய ஒரு வருஷம் போனது என்னால்தான்.

அதன்பின் என் வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். வருகிற எந்தப் பிள்ளையிடமும், எந்த ஊராக இருந்தாலும், "அவசரம் இல்லை; கேள்வியைத் திருப்பிக் கேட்கலாம்; போர்டில் படம் போட்டு விளக்கலாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். எல்லாக் குழுவிலும் இதைச் சொல்ல ஆள் இருக்கமாட்டார்கள். ஆகவே பிள்ளைகளே, நீங்களாகவே கேளுங்கள். "கேள்வியை இன்னொரு தடவை சொல்ல முடியுமா?" என்பதில் வெட்கம் இல்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். ஆனால் அதோடு நிறுத்தாமல், எப்படிக் கண்டுபிடிப்பேன் என்றும் சொல்லுங்கள். போவதற்கு முன் வீட்டில் கண்ணாடி முன் நின்றாவது, உங்கள் ப்ராஜெக்டை எளிய இங்கிலீஷில் ஐந்து நிமிடம் பேசிப் பழகுங்கள்.

கைடு அமைவதெல்லாம்

இடம் கிடைத்த பிறகுதான் முக்கியமான தேர்வு வருகிறது. அதில் தேர்ந்தெடுப்பது நீங்கள். பெயர் பெற்ற நிறுவனத்தைவிட, நெறியாளர் எப்படிப்பட்டவர் என்பதுதான் அந்த ஆறு வருஷத்தைத் தீர்மானிக்கும். அவரிடம் போய்க் கேட்பதற்கு முன் அவருடைய மாணவர்களைப் பாருங்கள், காபி கடையிலேயே பேசுங்கள். கடைசியாக முடித்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள்? பாதியில் விட்டுப்போனவர்கள் உண்டா? கட்டுரையில் மாணவர் பெயர் முதலில் வருகிறதா? வாரத்துக்கு ஒரு தடவையாவது மாணவரோடு உட்கார்ந்து பேசுகிறாரா? சில இடங்களில் முதல் ஆண்டில் இரண்டு மூன்று லேபில் சில வாரங்கள் வேலை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். அந்த வசதியை விட்டுவிடாதீர்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "இன்னும் எத்தனை வருஷம்?" என்று ஒவ்வொரு ஃபோனிலும் கேட்காதீர்கள். சோதனை ஆறு மாதம் ஓடி, ஏழாம் மாதம் எதற்கும் உதவாமல் போவது இந்தத் தொழிலில் சகஜம். அந்த மாதத்தில் உங்கள் பெண்ணோ பிள்ளையோ வீட்டுக்குப் பேசும்போது, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேளுங்கள். மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.