மரம் ஏறும் தொழிலுக்கும் கல்லாக் கணக்கு வேண்டும்



அரிசி, பருப்பு, எண்ணெய் விலை நிலவரத்தையே பெரும்பாலும் பேசுகிற நாம், நம் கடை வாசலில் நடக்கும் இன்னொரு தொழிலையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மரத்தில் ஏறிக் கிளை கழிக்கும் தொழில்தான் அது. பாலவாக்கம், கொட்டிவாக்கம், நீலாங்கரை எல்லாம் கடலோர மணல் பூமி. தென்னை, வேம்பு, பூவரசு, புன்னை என்று வீட்டுக்கு வீடு மரம் உண்டு. கடைப் பலகையை மறைக்கிறது, மின்கம்பியில் உரசுகிறது, கூரையில் மட்டை விழுகிறது என்று நாமும் ஆண்டுக்கு ஒரு முறையாவது ஆள் தேடுகிறோம். தேங்காய் மொத்த வியாபாரம் செய்பவன் என்ற முறையில் மரம் ஏறுபவர்களோடு எனக்கு நீண்ட நாள் பழக்கம். அவர்களில் பலர் கடுமையாக உழைத்தும் கையில் காசு நிற்காமல் இருப்பதற்குக் காரணம், விலை சொல்லும் முறைதான்.

வெளிநாட்டில் இது பெருந்தொழில்

1846-இல் இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய ஜான் டேவி என்பவர், ஓஹையோ மாநிலத்தின் கென்ட் ஊரில் தங்கி மரங்களுக்கு வைத்தியம் பார்த்தார். ‘மர மருத்துவர்’ என்ற பொருள்படும் தலைப்பில் 1901-இல் புத்தகம் வெளியிட்டார். அவர் பெயரில் வளர்ந்த நிறுவனத்தை 1979-இல் அதன் ஊழியர்களே வாங்கிக்கொண்டார்கள். இன்றும் நடக்கிறது. கத்தியும் கயிறும் வைத்துச் செய்யும் வேலைதான். ஆனால் கணக்கும் ஒழுங்கும் சேர்ந்ததால் தலைமுறை தாண்டி நிற்கிறது.

விலை சொல்வது எப்படி?

நம் ஊரில் மரத்தை அண்ணாந்து பார்த்து ‘நாலாயிரம் கொடுங்க’ என்று சொல்வது வழக்கம். உயரத்தை மட்டும் பார்த்து விலை சொல்வது, மூட்டையின் எடை பார்க்காமல் சரக்கு விற்பதற்குச் சமம். பார்க்க வேண்டியவை நான்கு. கிளையை நேராகக் கீழே விட இடம் உண்டா, அல்லது கயிற்றில் கட்டி இறக்க வேண்டுமா? அருகில் மின்கம்பி, ஓடு, கண்ணாடி, வண்டி உண்டா? மரம் உறுதியானதா, முருங்கைபோல் சட்டென முறிவதா? வெட்டியது எங்கே போகும்?

கடைசிக் கேள்விதான் கையைக் கடிக்கும். வெட்டுவதற்கு இரண்டு மணி நேரம் என்றால், தழையை அள்ளி ஏற்ற மூன்று மணி நேரம் ஆகும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் பகுதி நிலவரப்படி மாற்றிக்கொள்ளலாம்.

மரம் ஏறுபவர் ஒருவர் கூலி 1,500. கீழே கயிறு பிடிக்கவும் அள்ளவும் இருவர், 1,800. குட்டியானை வாடகை இரண்டு நடைக்கு 2,000. பெட்ரோல், எண்ணெய் 400. தேநீர், சில்லறைச் செலவு 200. சாமான் தேய்மானம் 500. ஆக அடக்கம் 6,400 ரூபாய். அதன்மேல் கால்பங்கு 1,600 லாபம் வைத்தால் விலை 8,000.

தேய்மானம் எப்படி 500 வந்தது? சாமான்கள் 60,000 ரூபாய்க்கு வாங்கி, ஆண்டில் 120 நாள் வேலை கிடைத்து, ஓராண்டிலேயே அந்த முதலை எடுக்க வேண்டும் என்றால் நாளுக்கு 500 விழும். கயிறும் பெல்ட்டும் பல ஆண்டு வைத்து ஓட்டும் பொருள் அல்ல. அதனால் இந்தக் கணக்கு கூடுதல் என்று சொல்ல முடியாது.

இதே வேலையை ஒருவர் 4,000-க்கு ஒப்புக்கொண்டால், கூலி போக அவர் கையில் 700 ரூபாய்தான் மிச்சம். அதில் வண்டி வராது, நல்ல கயிறு வராது. தழை தெருவில் கிடக்கும், ஆள் கயிறில்லாமல் ஏறுவார். திருக்குறளில் வலியறிதல் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். நுனிக் கிளைக்கும் மேலே ஏறப் பார்ப்பவனைப் பற்றியும், வரவு செலவைப் பற்றியும் வள்ளுவர் ஒரே அதிகாரத்தில் அடுத்தடுத்துப் பேசுகிறார்.

சாமான்கள்

முதலில் வாங்க வேண்டியது தலைக்கவசம், உடம்பைச் சுற்றிக் கட்டும் பாதுகாப்பு பெல்ட், ஆள் தாங்கும் கயிறு. கிளை இறக்கத் தனிக் கயிறு வேண்டும். இரண்டையும் மாற்றிப் பயன்படுத்தக் கூடாது. பிறகு கை ரம்பம், அரிவாள், துரட்டி, ஏணி. செயின் ரம்பம் கடைசியில்தான். அதைத் தோளுக்கு மேல் தூக்கியோ ஒற்றைக் கையால் பிடித்தோ அறுக்கக் கூடாது.

தென்னைக்குத் தளைக்கயிறு பழையது. கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த எம்.ஜே. ஜோசப் உருவாக்கிய ஏறும் கருவி வந்தபின் புதியவர்களும் பழக முடிகிறது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்ற பயிற்சியைத் தொடங்கி, கருவியில் ஏறக் கற்றுக்கொடுத்தது. தேங்காய் பறிப்பு ஏறத்தாழ 45 நாளுக்கு ஒரு முறை வரும் வேலை. மழைக்கு முன் மட்டும் குவியும் கிளை வேலையோடு இதையும் சேர்த்தால் ஆண்டு முழுவதும் கல்லா ஓடும்.

வெட்டும் முறை

கனத்த கிளையை மேலிருந்து ஒரே மூச்சில் அறுத்தால், பாதியில் முறிந்து தாய்மரத்தின் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். அதனால் மூன்று வெட்டு. மரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் கால்வாசி ஆழம் முதல் வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை இறக்குவது இரண்டாவது. கிளை மரத்தோடு சேரும் இடத்தில் உள்ள புடைப்பைத் தொடாமல், மிச்சக் கட்டையை எடுப்பது மூன்றாவது.

அமெரிக்க வனத்துறை ஆராய்ச்சியாளர் அலெக்ஸ் ஷைகோ ஏராளமான மரங்களை அறுத்துப் பார்த்துச் சொன்னது இது: மரத்தின் காயம் நம் தோலைப்போல் ஆறுவதில்லை, மரம் அந்த இடத்தைச் சுவர் கட்டியதுபோல் அடைத்துக்கொள்கிறது. அந்தப் புடைப்பை வெட்டினால் சுவர் எழும்பாது. உச்சியை மொட்டையடித்தால் அழுகல் இறங்கும். புதிதாக வெடிக்கும் கிளைகள் பலமில்லாமல் அடுத்த புயலில் ஒடியும். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்ததை நாம் கண்ணால் பார்த்தோம். மழைக்கு முன் அளவாகக் கழிப்பதுதான் சிக்கனம்.

சட்டமும் காப்பீடும்

பாலவாக்கம் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. தெரு மரம் நம் கடை வாசலில் நின்றாலும் நம்முடையது அல்ல. அதில் கை வைக்க மாநகராட்சியிடம் மனுக் கொடுக்க வேண்டும். பொது இடத்து மரத்தை அடியோடு வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். கம்பி அருகே வேலை என்றால் மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து, மின்சாரத்தை நிறுத்திய பிறகே ஏற வேண்டும்.

மரம் ஏறும் ஒவ்வொருவருக்கும் விபத்துக் காப்பீடு அவசியம். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் 18 முதல் 70 வயது வரை, வங்கிக் கணக்கு உள்ளவர் சேரலாம். ஆண்டுக்கு 20 ரூபாய். விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம். இரண்டு டீ விலை கூட இல்லாத இந்தப் பணத்தைக் கட்டாமல் ஏறுபவர்கள் நிறையப் பேர். நம் சங்கக் கிளைகள் ஒரு நாள் ஒதுக்கி, தம் பகுதியில் மரம் ஏறுபவர்களை வங்கிக்கு அழைத்துச் சென்று சேர்த்துவிடலாம்.

நாம் கொள்முதலில் அடிமாட்டு விலைக்குச் சரக்கு வந்தால் சந்தேகப்படுகிறோம். கூலிக்கு ஆள் வைக்கும்போதும் அதே புத்தி வேண்டும். விழுந்தால் போவது ஒரு குடும்பத்தின் சோறு. அடுத்த முறை மரம் கழிக்க வருபவர் குறைந்த விலை சொன்னால், பேரத்தை முடிக்குமுன் ‘கயிறு எங்கே தம்பி?’ என்று கேளுங்கள்.