கருத்தரிக்கும் முன்பே பழக வேண்டிய நடை: கரவனெல்லத் தோட்டப் பெண்களுக்கு

காலம் பிந்தி எழும் கேள்வி

அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், களனி கங்கையை ஒட்டி அமைந்துள்ள கரவனெல்லவின் ஆதார வைத்தியசாலையைச் சுற்றுவட்டார றப்பர், தேயிலைத் தோட்டக் குடும்பங்களும் நாடிவருகின்றன. இத்தகைய பகுதிகளின் கர்ப்பவதிக் கிளினிக்குகளில் "நடக்கலாமா, எவ்வளவு நடக்கலாம்" என்று பெண்கள் கேட்பது, பெரும்பாலும் இரத்தத்தில் சீனி கூடிவிட்டதாகத் தெரியவந்த பின்னரே ஆகும். அப்போது நடப்பதும் நன்மைதான். ஆயினும் அந்த நடை ஓராண்டுக்கு முன்பே தொடங்கியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய பலன் அதைவிடப் பெரிது.

கர்ப்பகால நீரிழிவு என்பது, நஞ்சுக்கொடி சுரக்கும் இயக்குநீர்கள் இன்சுலினின் வேலையைத் தடுப்பதால் கர்ப்பத்தின்போது புதிதாகத் தோன்றும் சீனி வருத்தமாகும். உழைத்துப் பழகிய தசை இரத்தத்திலுள்ள சீனியை இலகுவாக எடுத்துக்கொள்வதால், கர்ப்பம் தரும் இச்சுமையை அது ஓரளவு தாங்குகிறது. கருத்தரிப்பதற்கு முந்திய உடலியக்கம் பற்றிய ஏழு ஆய்வுகளை ஒன்றாக வைத்து 2011 இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, மிகக் குறைவாக இயங்கிய பெண்களைவிட மிகுதியாக இயங்கிய பெண்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 55 சதவீதம் குறைவாக இருந்ததைக் காட்டியது.

"தோட்டத்தில் உழைப்பவளுக்குப் பயிற்சி எதற்கு?"

இக்கேள்வியில் பாதி உண்மை இருப்பதால்தான் அது இவ்வளவு உறுதியாக நிலைத்துவிட்டது. விடியலில் சரிவேறி மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டி, பின்னர் நிறைந்த வாளியைத் தூக்கிவரும் பெண்ணின் உழைப்பு உடலியக்கமே என்பதிலும், உலக சுகாதார நிறுவனம் 2020 இல் பரிந்துரைத்த வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான இயக்கத்தை அவள் எளிதில் கடந்துவிடுவாள் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் அவளுக்குக் குறைவாக இருப்பவை உணவும் இரும்புச் சத்தும் ஓய்வுமாகும். செலவிடும் சக்திக்கு ஈடாக உண்ணாத உடலில் சூல்முட்டை வெளிப்படுவது தடைப்பட்டு மாதவிடாய் தவறக்கூடும் என்பதால், அத்தகைய பெண்ணை மேலும் ஓடச் சொல்வது வைத்தியமாகாது.

மறுபுறம், தோட்ட வேலையை விட்டு ஆடைத் தொழிற்சாலைக்கோ கொழும்புக் கடைகளுக்கோ சென்ற இளம்பெண், தையல் இயந்திரத்தின் முன்னோ கல்லாவிலோ நாள் முழுவதும் அமர்ந்திருந்து, ரொட்டி, பணிஸ், இனிப்புத் தேநீர் ஆகியவற்றோடு பொழுதைக் கழித்து, திருமணத்தின்போது எடை கூடியவளாகத் திரும்புகிறாள். தாய் மலையேறியதன் பலன் மகளின் உடலில் தானாகச் சேர்ந்துவிடுவதில்லை. ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் வாழும் இவ்விருவருக்கும் ஒரே அறிவுரையைக் கூறுவதே இங்கு நிகழும் முதல் தவறு.

கர்ப்பப்பை இறங்கிவிடும் என்ற அச்சம்

வேகமாக நடந்தால் கர்ப்பப்பை இறங்கும், குனிந்து நிமிர்ந்தால் கரு தங்காது, மாதவிடாய் நாட்களில் அசையவே கூடாது, புதுப்பெண் தெருவில் நடப்பது குடும்பத்துக்கு அழகல்ல என்றெல்லாம் கூறப்படுவதை மூத்தோரின் அக்கறையாகக் கொள்ளலாமே தவிர, மருத்துவ உண்மையாகக் கொள்ள முடியாது. கர்ப்பப்பை இறக்கம், அதனைத் தாங்கும் இடுப்புத்தளத் தசைகளும் இணைப்பிழையங்களும் தளர்வதால் ஏற்படுகிறது. பல பிரசவங்கள், கடினமான பிரசவம், நாட்பட்ட இருமல், நாட்பட்ட மலச்சிக்கல், பல ஆண்டுகள் பாரம் தூக்குதல் ஆகியவை அதற்கு வழிவகுக்கின்றன. நடை அவற்றுள் ஒன்றன்று. அத்தசைகளைச் சிறுநீரை அடக்குவதுபோல் இறுக்கித் தளர்த்தும் பயிற்சி அவற்றுக்கு வலுவூட்டும். அதைக் காம்பராவுக்குள் அமர்ந்தபடியே செய்யலாம்.

ஏற்றத்தில் மூச்சு வாங்குவதை "பலவீனம்" என்று கூறி டொனிக் வாங்கிக் கொடுப்பது இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது. இலங்கையில் தாய்மார் மரணத்துக்குக் காரணமாகும் நோய்களுள் இதய நோய் முக்கிய இடம் பெறுகிறது. சிறுவயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து இதய வால்வு பழுதடைந்த பெண்ணுக்கு, இந்த மூச்சுத் திணறலே முதல் அறிகுறியாக இருக்கலாம்.

மாத்திரையும் கஷாயமும்

மெலிவதற்கென விற்கப்படும் தூள்களையும், பேதியாக்கும் கஷாயங்களையும், அயலவருக்கு எழுதிக்கொடுக்கப்பட்ட சீனி மாத்திரைகளையும், நாள் தள்ளியவுடன் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாதவிடாய் மாத்திரைகளையும் உட்கொண்ட பின்னரே வைத்தியரிடம் வருவது எத்தனை முறை எச்சரித்தும் நிற்கவில்லை. அந்தத் தூளில் என்ன கலந்துள்ளது என்பதை விற்பவரே அறியாதிருக்கும்போது, கருவைச் சுமக்கவிருக்கும் உடலில் அதைச் சேர்ப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது. கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கும் இரும்புச் சத்து மாத்திரையைச் சாயத்தண்ணியோடு விழுங்குவதும் வீணே. தேயிலையின் துவர்ப்புப் பொருள் இரும்பு உடலில் சேர்வதைத் தடுப்பதால், மாத்திரைக்கும் தேநீருக்கும் இடையில் இரண்டு மணி நேரமாவது விட வேண்டும்.

பார்க்க வேண்டியவை

கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்ணுக்கு எடை, உயரம், இரத்த அழுத்தம், ஈமோகுளோபின், இரத்தச் சீனி ஆகியவற்றைப் பார்ப்பதே தொடக்கத்துக்குப் போதுமானது; ஏற்றத்தில் மூச்சு வாங்குபவளோ இதயத்தையும் வைத்தியரிடம் காட்டிப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

கருத்தரிக்கும் முன் ஒரு வேண்டுகோள்

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் புதுமணத் தம்பதியருக்கென ஆலோசனையும் பரிசோதனையும் வழங்குகின்றன. திருமணப் பதிவு முடிந்ததும் தோட்டத்துக்கு வரும் மருத்துவ மாதுவிடம் பெயர் கொடுத்து, வயிற்றில் கரு தங்கும்வரை காத்திராமல் அப்பணிமனைக்குச் செல்லுமாறு ஒவ்வொரு குடும்பமும் வேண்டப்படுகிறது. கருவின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் நரம்புக்குழாய், கருத்தரித்த 28 நாட்களுக்குள், பல பெண்கள் தாம் கர்ப்பமாக இருப்பதை அறிவதற்கு முன்பே மூடிக்கொள்வதால், போலிக் அமில மாத்திரையையும் ஒரு மாதமாவது முன்கூட்டியே தொடங்க வேண்டும்.

அமர்ந்த வேலை செய்யும் பெண், பேசலாம் ஆனால் பாட முடியாது என்னும் அளவு வேகத்தில் நாளுக்கு அரைமணி நேரம், வாரத்தில் ஐந்து நாட்கள் நடக்கட்டும். லொறியும் பஸ்ஸும் விரையும் ஹட்டன் வீதியைத் தவிர்த்து தோட்டத்து ரோட்டையோ கோயில் முற்றத்தையோ தேர்ந்துகொள்ளட்டும். மழை விடாத நாட்களில் வாசற்படியில் ஏறி இறங்கினாலும் போதும். பால் வெட்டும் பெண்ணுக்கோ அந்த அரைமணி நேரம் ஓய்வாகவே கிடைக்கட்டும். அவள் பெரட்டுக்கு (காலை வேலைப் பதிவுக்கு) புறப்படும் முன் வயிறு நிறைய உண்பதற்கும், மாலையில் தண்ணீர்க் குடத்தையும் விறகையும் கணவன் சுமப்பதற்கும், பருப்பு, முட்டை, நெத்தலி, கீரை ஆகியவற்றில் ஒரு பங்கு அவள் தட்டுக்கு முதலில் வருவதற்கும் மாமியார்மாரும் கணவன்மாரும் இன்றே வழிசெய்ய வேண்டும் என்று மன்றாடிக் கேட்கப்படுகிறது.