வட அமெரிக்காவின் பங்காளி வழக்கு

தமிழில் 'பங்காளி' என்னும் சொல் ஒரே மூதாதையின் சொத்தில் உரிமைப் பங்கு பெற்ற நெருங்கிய உறவினனைக் குறிப்பதோடு, அந்தச் சொத்தின் வரப்பை முன்னிட்டுத் தலைமுறை தலைமுறையாக வழக்காடுபவனையும் நினைவூட்டுகிறது. பிரிட்டன், அமெரிக்க ஐக்கிய நாடுகள், கனடா ஆகிய மூன்றுக்கும் இடையிலான உறவை விளக்க இதனினும் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது. இம்மூன்றும் ஒரே ராணுவக் கூட்டணியான நேட்டோவில் இருப்பவை, பெரும்பாலும் ஒரே மொழியையும் ஒரே வகைச் சட்ட மரபையும் பகிர்ந்துகொள்பவை. ஆயினும் இந்நாட்டு மக்கள் கூடும் இடங்களில் வெள்ளை மாளிகையை எரித்தது யார், உலகப் போருக்குத் தாமதமாக வந்தது யார், ஆங்கிலத்தைக் கெடுத்தது யார் என்ற சீண்டல்கள் தவறாமல் எழுகின்றன. ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டு வரலாற்றைக் கொண்ட இந்தச் சீண்டல்களை ஆராய்ந்தால், பழைய பகை தானாகக் காலத்தால் கரைந்து கேலியாகிவிடவில்லை என்பதும், அப்படிக் கரைவதற்குச் சில நிபந்தனைகள் இருந்தன என்பதும் புலப்படும்.

பாகப் பிரிவினை 1776ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. தங்கள் பிரதிநிதிகள் இல்லாத லண்டன் நாடாளுமன்றம் தங்கள்மீது வரி விதிப்பதை ஏற்க மறுத்த பதின்மூன்று குடியேற்றங்கள் அவ்வாண்டில் விடுதலையைப் பறைசாற்றின. 1781இல் யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸின் படை சரணடைந்தது. பின்னர் இந்தியாவின் தலைமை ஆளுநராக வந்து 1792இல் திப்பு சுல்தானைப் பணியவைத்து, சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் இன்றும் சிலையாக நிற்பவர் இதே காரன்வாலிஸ்தான். 1783இல் கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கை அமெரிக்கருக்கு விடுதலையை உறுதிசெய்தது. ஆனால் அதே மண்ணில் பிறந்து, மன்னரின் பக்கம் நின்ற 'லாயலிஸ்டுகள்' எனப்பட்ட அரச விசுவாசிகள் வீடும் நிலமும் இழந்தனர். ஏறத்தாழ 60,000 பேர் நாட்டைவிட்டு வெளியேற, அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் வடக்கே பிரிட்டனின் ஆட்சியில் எஞ்சியிருந்த பகுதிகளில் குடியேறினர். அவர்களுக்காகவே 1784இல் நியூ பிரன்சுவிக் என்ற தனிக் குடியேற்றம் உருவாக்கப்பட்டது. அமெரிக்காவின் பிறப்பு ஒரு புரட்சியின் வெற்றி என்றால், ஆங்கிலம் பேசும் கனடாவின் பிறப்பு அந்தப் புரட்சியால் துரத்தப்பட்டவர்களின் குடிபெயர்வு. 'நாங்கள் அமெரிக்கர் அல்லர்' என்று கனடியர் இன்றும் வலியுறுத்திச் சொல்வதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

இந்த வேருக்கு நீர் வார்த்தது 1812ஆம் ஆண்டுப் போர். நெப்போலியனோடு போரிட்டுக்கொண்டிருந்த பிரிட்டன், தன் கடற்படைக்கு ஆள் சேர்ப்பதற்காக அமெரிக்கக் கப்பல்களை வழிமறித்து மாலுமிகளைப் பலவந்தமாகப் பிடித்துச் சென்றது. பிரான்சோடு அமெரிக்கர் நடத்திய வணிகத்துக்கும் தடை போட்டது. இதற்குப் பதிலடியாக அமெரிக்கா அவ்வாண்டு ஜூன் 18 அன்று போர் அறிவித்து, எட்டும் தொலைவிலிருந்த கனடாமீது படையெடுத்தது. கனடாவைக் கைப்பற்றுவது நடந்து சென்று எடுத்துக்கொள்ளும் வேலை மட்டுமே என்று முன்னாள் அதிபர் ஜெபர்சன் மதிப்பிட்டிருந்தார். அந்தக் கணக்கு இரண்டே மாதங்களில் பொய்த்தது. பூர்வகுடித் தலைவர் டெக்கும்சேயும் பிரிட்டிஷ் தளபதி ஐசக் பிராக்கும் சேர்ந்து டெட்ராய்ட் கோட்டையைச் சரணடையச் செய்தனர். 1813 ஏப்ரலில் அமெரிக்கர் இன்றைய டொராண்டோவான யார்க் நகரைப் பிடித்தபோது அங்கிருந்த நாடாளுமன்றக் கட்டடங்கள் தீக்கிரையாயின. 1814 ஆகஸ்ட் 24 அன்று வாஷிங்டனுக்குள் புகுந்த பிரிட்டிஷ் படையினர் அதிபர் மாடிசனுக்காகப் பரிமாறப்பட்டிருந்த விருந்தை உண்டு முடித்து, அதன்பின் அவருடைய மாளிகைக்குத் தீயிட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் கெண்ட் நகரில் ஏற்பட்ட உடன்படிக்கை, எல்லையைப் போருக்கு முன்பிருந்த நிலைக்கே திருப்பிவிட்டது.

எவரும் ஓரங்குல நிலமும் பெறாத அந்தப் போரை மூன்று நாட்டாரும் மூன்று விதமாக நினைவில் வைத்திருப்பது வியப்புக்குரியது. பால்டிமோரின் மெக்ஹென்றி கோட்டை பிரிட்டிஷ் குண்டுமழையைத் தாங்கி நின்றதைக் கண்டு எழுதப்பட்ட பாடல் 1931இல் அமெரிக்காவின் தேசியகீதமானதால், அமெரிக்கருக்கு அது இரண்டாவது விடுதலைப் போர். கனடியருக்கோ அது படையெடுத்து வந்த அண்டை வீட்டாரை விரட்டியடித்த கதை. எதிரியின் திட்டத்தை அறிவிக்க ஏறத்தாழ 32 கிலோமீட்டர் நடந்து சென்ற லாரா சீகார்டின் பெயரில் அங்கே புகழ்பெற்ற சாக்லேட் நிறுவனமே இருக்கிறது. நெப்போலியனையும் வாட்டர்லூவையும் நினைவில் கொண்ட பிரிட்டானியருக்கு அது வரலாற்றின் ஓர் அடிக்குறிப்பு மட்டுமே. வெள்ளை மாளிகையை எரித்த பெருமையைக் கனடியர் விளையாட்டாக உரிமை கொண்டாடினாலும், எரித்தவர்கள் ஐரோப்பியப் போர்க்களங்களிலிருந்து வந்த பிரிட்டிஷ் வீரர்களே. கரிக்கறையை மறைக்கத்தான் அந்த மாளிகைக்கு வெள்ளை பூசப்பட்டது என்ற கதையும் உண்மையன்று. அது முன்பே வெள்ளையடிக்கப்பட்டிருந்தது. 2014இல் அந்தத் தீவைப்பின் இருநூறாவது ஆண்டு வந்தபோது, வாஷிங்டனிலுள்ள பிரிட்டிஷ் தூதரகம் மத்தாப்பு செருகிய வெள்ளை மாளிகை வடிவக் கேக்கின் படத்தைச் சமூக ஊடகத்தில் வெளியிட்டுச் சிலரின் கோபத்துக்கு ஆளாகி வருத்தம் தெரிவித்தது. இதற்கு நேர்மாறாக, யார்க் நகரிலிருந்து அமெரிக்கர் எடுத்துச் சென்ற சட்டமன்றச் செங்கோல் 1934இல் அதிபர் ரூஸ்வெல்ட்டின் உத்தரவால் டொராண்டோவுக்குத் திரும்பி வந்தது.

செங்கோல் திரும்பி வரும் அளவுக்குப் பகை தணிந்தது எப்படி என்ற கேள்விக்கு, வரப்பு முறையாக அளக்கப்பட்டது என்பதே விடை. 1817இல் ஏற்பட்ட ரஷ்-பேகட் உடன்பாடு, பேரேரிகளில் இரு தரப்பும் நிறுத்தக்கூடிய போர்க்கப்பல்களை விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைத்தது. 1818இல் 49ஆம் அட்சக்கோடு ராக்கி மலைத்தொடர் வரையும், 1846இல் அங்கிருந்து பசிபிக் கரை வரையும் எல்லையாயிற்று. கோடு தெளிவற்றிருந்த சான் ஹுவான் தீவில் 1859இல் பிரிட்டிஷ் நிறுவனம் ஒன்றின் பன்றி அமெரிக்கக் குடியானவர் ஒருவரின் உருளைக்கிழங்குத் தோட்டத்தை மேய, அவர் அதைச் சுட்டுக் கொன்றார். இரு நாட்டுப் படைகளும் அங்கே வந்து எதிரெதிரே நின்றன. அந்தப் பன்றியைத் தவிர வேறு உயிரிழப்பின்றி, 1872இல் ஜெர்மானியப் பேரரசர் முதலாம் வில்ஹெல்மின் நடுவர் தீர்ப்பால் தீவு அமெரிக்காவுக்குச் சேர்ந்தது. அதே ஆண்டில் ஜெனீவாவில் கூடிய தீர்ப்பாயம், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது தென் மாநிலங்களுக்காகப் பிரிட்டனில் கட்டப்பட்ட 'அலபாமா' முதலிய கப்பல்கள் விளைத்த சேதத்துக்கு 1.55 கோடி டாலர் இழப்பீடு விதிக்க, அதைப் பிரிட்டன் செலுத்தியது. அமெரிக்கப் படையெடுப்புக்கு அஞ்சி ஒட்டாவாவுக்கும் கிங்ஸ்டனுக்கும் இடையே 1832இல் வெட்டி முடிக்கப்பட்ட ரிடோ கால்வாய், குளிர்காலத்தில் உறையும்போது இன்று மக்கள் சறுக்கி விளையாடும் தளமாக இருக்கிறது.

எனினும் இந்தத் தீர்ப்புகளின் விலையைத் தாங்களே கொடுத்ததாகக் கனடியர் கருதினர். அமெரிக்காவிலிருந்த ஐரிஷ் விடுதலை இயக்கத்தினரான பீனியர்கள் 1866 முதல் எல்லை தாண்டித் தாக்கியதற்கு அமெரிக்காவிடம் இழப்பீடு கேட்க வேண்டும் என்ற கனடாவின் கோரிக்கையை, 1871 வாஷிங்டன் பேச்சுவார்த்தையில் பிரிட்டன் கைவிட்டது. 1903இல் அலாஸ்கா எல்லையைத் தீர்க்கக் கூடிய அறுவர் குழுவில் அமெரிக்கர் மூவரும் கனடியர் இருவரும் இருக்க, ஆறாமவரான பிரிட்டிஷ் தலைமை நீதிபதி ஆல்வர்ஸ்டன் அமெரிக்கர் பக்கம் வாக்களித்தார். கனடியர் இருவரும் தீர்ப்பில் கையெழுத்திட மறுத்தனர். வாஷிங்டனோடு நட்பை வளர்க்க லண்டன் தங்களைக் கைவிட்டது என்ற மனக்குறை, வெளியுறவைத் தாங்களே நடத்த வேண்டும் என்ற எண்ணத்தைக் கனடியரிடம் வலுப்படுத்தியது. 1931இல் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் அந்த உரிமையை அளித்தது. 1982இல்தான் அரசியலமைப்பைத் திருத்தும் அதிகாரம் முழுமையாகக் கனடாவுக்கு வந்தது. இடையில் 1942 ஆகஸ்டில் பிரான்சின் தியெப் துறைமுகத் தாக்குதலில் அனுப்பப்பட்ட ஏறத்தாழ 5,000 கனடிய வீரர்களில் 900க்கு மேற்பட்டோர் மாண்டது, பிரிட்டிஷ் தலைமைமீதான மற்றொரு குறையாக நிலைத்தது.

இருபதாம் நூற்றாண்டின் கசப்புகளில் பலவும் புகழைப் பங்கிடுவதில் எழுந்தவை. இரு உலகப் போர்களிலும் பிரிட்டனும் கனடாவும் தொடக்கத்திலேயே இறங்க, அமெரிக்கா 1917இலும் 1941 இறுதியிலும்தான் சேர்ந்தது என்பது மாறாத சீண்டல். ஜெர்மானிய நீர்மூழ்கியிலிருந்து எனிக்மா சங்கேதக் கருவியை அமெரிக்கர் கைப்பற்றுவதாக 2000இல் வெளிவந்த 'யு-571' திரைப்படம் காட்டியது. உண்மையில் 1941 மே மாதத்தில், அமெரிக்கா போரில் சேர்வதற்கு முன்பே, பிரிட்டிஷ் கடற்படை 'யு-110' நீர்மூழ்கியிலிருந்து அக்கருவியை எடுத்திருந்ததால், படத்துக்குப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலேயே கண்டனம் எழுந்தது. 1980இல் தெஹ்ரானில் ஒளிந்திருந்த அமெரிக்கத் தூதரக அலுவலர் அறுவரைக் காப்பாற்றியதில் கனடியத் தூதர் கென் டெய்லரின் பங்கைச் சுருக்கிக் காட்டியதாக 2012இன் 'ஆர்கோ' திரைப்படத்தின்மீது கனடியர் குறைகூறினர். முதலில் அடைக்கலம் தந்த தங்களைக் கதவடைத்தவர்களாகக் காட்டியதாகப் பிரிட்டிஷ் தூதர்களும் அதே படத்தைக் கண்டித்தனர்.

எழுத்துக்கூட்டல் முதல் விளையாட்டு வரை மற்ற துறைகளில் போட்டி இனிமையானது. 1828இல் அகராதி வெளியிட்ட நோவா வெப்ஸ்டர் 'கலர்' போன்ற சொற்களிலிருந்து ஓர் எழுத்தை நீக்கி அமெரிக்க ஆங்கிலத்துக்குத் தனி முகம் கொடுக்க, கனடியரோ சில சொற்களைப் பிரிட்டிஷ் முறையிலும் சிலவற்றை அமெரிக்க முறையிலும் எழுதி இருவரையும் குழப்புகின்றனர். உலகின் முதல் பன்னாட்டுக் கிரிக்கெட் போட்டி 1844 செப்டம்பரில் நியூயார்க்கில் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே நடந்து, கனடா 23 ஓட்டங்களில் வென்றது என்பது கிரிக்கெட் ரசிகர்கள் பலரும் அறியாத செய்தி. 1950 உலகக் கோப்பைக் கால்பந்தில் பிரேசிலின் பெலோ ஹொரிசோண்டி நகரில் இங்கிலாந்து அமெரிக்காவிடம் 0-1 எனத் தோற்றதை ஆங்கிலேயர் எளிதில் மறக்கவில்லை. 2010 வான்கூவர் ஒலிம்பிக் ஐஸ் ஹாக்கி இறுதிப் போட்டியை முன்னிட்டு அதிபர் ஒபாமாவும் கனடியப் பிரதமர் ஹார்ப்பரும் பீர் பந்தயம் கட்டினர். தோற்ற ஒபாமா பீரை அனுப்பி வைத்தார்.

இந்த இனிமை எதன்மீது நின்றது என்பதை 2025ஆம் ஆண்டு காட்டியது. கனடா அமெரிக்காவின் 51ஆவது மாநிலமாக வேண்டும் என்று அதிபர் டிரம்ப் திரும்பத் திரும்பச் சொல்லி, கனடியப் பொருள்கள்மீது இறக்குமதி வரியும் விதித்தபோது, கனடிய விளையாட்டரங்குகளில் அமெரிக்கத் தேசியகீதத்துக்கு எதிராகக் கூச்சல் எழுந்தது. பிப்ரவரி 20 அன்று பாஸ்டனில் நடந்த நான்கு நாடுகள் ஐஸ் ஹாக்கி இறுதியில் கனடா 3-2 என வென்றதை அந்நாட்டினர் அரசியல் வெற்றியைப் போலவே கொண்டாடினர். மே 27 அன்று மூன்றாம் சார்லஸ் மன்னர் ஒட்டாவாவுக்கு வந்து கனடிய நாடாளுமன்றத்தை நேரில் தொடங்கி வைத்தார். லாயலிஸ்டுகளின் காலத்தைப் போலவே, தெற்கிலிருந்து அழுத்தம் வந்த வேளையில் மணிமுடியின் உறவு கனடாவுக்கு மீண்டும் அரணாயிற்று. வரப்பு நிலையானது என்ற நம்பிக்கை இருக்கும் வரைதான் பங்காளிகளிடையே கேலி கேலியாக இருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இந்த வழக்கில் கேலி பேசக்கூட இடம் பெறாத ஒரு தரப்பும் உண்டு. பூர்வகுடிகளின் நிலத்தைக் காக்கப் பல இனத்தாரை ஒன்றுதிரட்டிய டெக்கும்சே, 1813 அக்டோபர் 5 அன்று தேம்ஸ் ஆற்றங்கரைப் போரில், பிரிட்டிஷ் படை பின்வாங்கிய பின்னும் போரிட்டு மாண்டார். பூர்வகுடிகளுக்கெனத் தனி நாடு வேண்டும் என்று கெண்ட் பேச்சுவார்த்தையில் முதலில் கேட்ட பிரிட்டன், பின்னர் அக்கோரிக்கையைக் கைவிட்டது. 1811ஆம் ஆண்டின் நிலவுரிமைகள் அவர்களுக்குத் திருப்பித் தரப்படும் என்று உடன்படிக்கையின் ஒன்பதாவது பிரிவு உறுதியளித்தும் அது நிறைவேற்றப்படவில்லை. பங்காளிகள் மூவரும் வழக்கைத் தீர்த்துக்கொண்டு சிரிக்கும் நிலையை அடைந்தனர். அந்த நிலத்தின் முதல் உரிமையாளர்களோ அவ்வழக்கில் ஒரு தரப்பாகவே சேர்க்கப்படவில்லை.