உங்களுக்குத் தெரியுமா? அதிர்ந்தாலும் கழலாத நட்டுகள்

நட்டை முறுக்கும்போது போல்ட் நுண்ணளவு நீள்கிறது. மீண்டும் சுருங்கத் துடிக்கும் அந்த இழுவிசைதான் இணைப்பை இறுக்கிப் பிடிக்கிறது. இதைக் குலைப்பதில் முதலிடம் பக்கவாட்டு அசைவுக்கு என்பதை 1969-இல் ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் சோதனையில் காட்டினார். பாகங்கள் பக்கவாட்டில் நழுவும் கணத்தில் மரையின் உராய்வுப் பிடி விட்டுப்போகிறது. நட்டு தானாகவே பின்னோக்கிச் சுழல்கிறது.

இந்தச் சிக்கல் நம்மூர் வண்டிகளுக்கும் உண்டு. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், பின்னாளில் அசோக் லேலண்டாகி எண்ணூரில் லாரிகளைச் செய்தது. 1950-களில் திருவொற்றியூரில் எழுந்த என்ஃபீல்டு ஆலை, ஒற்றை சிலிண்டர் புல்லட் மோட்டார் சைக்கிளைத் தந்தது. லாரி, புல்லட் இரண்டுமே ஓயாத அதிர்வுக்கு ஆளாகும் வண்டிகள்.

லாரியின் ஸ்டீயரிங் பந்து மூட்டுகளில் பெரும்பாலும் காசில் நட்டு இருக்கும். அதன் தலையிலுள்ள வெட்டும் போல்ட்டின் துளையும் நேர்கோட்டில் வரும்போது ஸ்ப்ளிட் பின்னைச் செருகி, கால்களை மடக்கிவிடுவார்கள். உயிர் காக்கும் இடம் என்பதால் உராய்வை மட்டும் நம்புவதில்லை.

இன்னொரு வழி, உள்ளே நைலான் வளையம் பதித்த நட்டு. அந்த வளையத்தில் மரை கிடையாது. நுழையும் போல்ட்டே அதில் தன் தடத்தை அழுத்திப் பதிக்கிறது. கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் பிடி தளரும். ஆகவே புதியதைப் போடுவதே சரி. சுமார் 120 டிகிரி செல்சியசுக்கு மேல் நைலான் இளகிவிடும் என்பதால், சைலன்சர் அருகே வாய் சற்று நசுக்கப்பட்ட முழு உலோக நட்டுதான் ஏற்றது. எங்கும் புழங்கும் ஸ்பிரிங் வாஷரோ, யுங்கர் வகைச் சோதனையில் பெரிதாகத் தாக்குப்பிடிப்பதில்லை.