போர் விமானியா, பயணிகள் விமானியா?

"ஓட்டுபவர் விமானப்படையில் இருந்தவர்" என்று தெரிந்தால் பயணிகளுக்கு ஒரு தெம்பு வருகிறது. அதற்குக் காரணம் உண்டு. 2009 ஜனவரி 15-ம் தேதி, இரண்டு என்ஜின்களும் செயலிழந்த ஏ320 விமானத்தை ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரையும் காப்பாற்றிய சல்லன்பெர்கர், எஃப்-4 போர் விமானம் ஓட்டியவர்.

போர் விமானி தனி ஆளாகவே முடிவெடுத்துப் பழகியவர். உடல் எடை ஏழெட்டு மடங்காக அழுத்தும்போதும் பார்வை மங்காமல் திரும்புவார். தலைகீழாகக் கவிழ்ந்த விமானத்தை நிமிர்த்துவார். அமெரிக்காவில் ஏர்லைன் விமானி உரிமத்துக்குப் பொதுவாக 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ராணுவத்தில் பயிற்சி பெற்றவருக்கு 750 மணி போதும்.

ஆனால் பயணிகள் விமானத்துக்குத் தேவைப்படும் திறமை வேறு. தரையிறங்கும்போது குறிப்பிட்ட உயரத்துக்குள் வேகமும் சரிவும் ஒழுங்குக்கு வராவிட்டால், மறுபேச்சில்லாமல் மேலே ஏறிவிட வேண்டும். 'எப்படியும் சமாளித்து இறக்கிவிடுவேன்' என்ற துணிச்சலுக்கு அங்கே இடமில்லை. ஒருவர் ஓட்ட, மற்றவர் கண்காணித்துக் குறைகளை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 1977-ல் டெனரீஃப் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். அவற்றில் ஒன்றின் காக்பிட்டில், 'எதிர் விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா?' என்று ஃப்ளைட் என்ஜினியர் கேட்ட கேள்வியைக் கேப்டன் ஒரே சொல்லில் தள்ளிவிட்டார். பதவியில் கீழே உள்ளவர் பேசவும் மேலே உள்ளவர் கேட்கவும் தனிப் பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் அதன் பிறகுதான் வலுத்தது.

ராணுவ அனுபவமும் வேறொரு திறமையும் ஒரே காக்பிட்டில் சேர்ந்த சம்பவம் 1983 ஜூலை 23-ல் கனடாவில் நடந்தது. பவுண்டையும் கிலோவையும் குழப்பி எரிபொருள் நிரப்பியதால், 41,000 அடி உயரத்தில் பறந்த ஏர் கனடாவின் 767 விமானத்தில் எரிபொருள் தீர்ந்துபோனது. துணை விமானி மாரிஸ் குவின்டல், விமானம் எவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு உயரம் இழக்கிறது என்று கணக்குப் போட்டார். இறங்க நினைத்த வின்னிபெக் விமான நிலையம் எட்டாது. விமானப்படையில் இருந்தபோது தாம் பணியாற்றிய கிம்லி தளம் அவர் நினைவுக்கு வந்தது.

கிம்லியை நெருங்கியபோது விமானம் மிக உயரத்தில் இருந்தது. கேப்டன் ராபர்ட் பியர்சன் ஓய்வு நேரத்தில் கிளைடர் ஓட்டுபவர். சுக்கானை ஒரு பக்கமும் இறக்கையை எதிர்ப்பக்கமும் சாய்த்தார். பக்கவாட்டு உடம்பால் காற்றை எதிர்த்த விமானம், வேகம் கூடாமலேயே உயரம் குறைந்தது. கிளைடர்காரர்களுக்கு இது பழகிய வித்தை. இத்தனை பெரிய ஜெட்டில் யாரும் எதிர்பார்க்காதது.

பழைய ஓடுபாதை கார் பந்தயத் தடமாக மாறியிருந்தது. அன்று அங்கே குடும்பங்கள் கூடியிருந்தன. சரியாகப் பூட்டிக்கொள்ளாத மூக்குச் சக்கரம் மடங்க, விமானம் மூக்கால் தரையைத் தேய்த்து, கூட்டத்தைத் தொடாமல் நின்றது. உள்ளே இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். தளத்தைத் தெரிந்து வைத்திருந்தவர் ராணுவத்தில் இருந்தவர். இறக்கியவருக்குக் கைகொடுத்தது கிளைடர். விமானியை எடைபோட, 'எங்கே படித்தார்' என்பதோடு 'வேறு எதையெல்லாம் ஓட்டியிருக்கிறார்' என்றும் நான் கேட்பேன்.